பறவை இல்லாத கரையையும் எண்ண வேண்டும்

கரைப்பறவைகளின் வலசைப் பருவம் தொடங்குவதற்கு முன் எங்கள் தன்னார்வக் குழு ஒருமுறை கூடி, யார் எந்தப் பகுதிக்குப் போவது என்று பிரித்துக்கொள்வது வழக்கம். கடந்த பருவத்துக்கு முன் அப்படிக் கூடியபோது, கழிமுகத்தின் மேற்கு ஓரத்தில் உள்ள ஒரு மணல்திட்டைக் கணக்கெடுப்பு அட்டவணையிலிருந்து எடுத்துவிடலாம் என்று ஒரு யோசனை வந்தது. சொன்னவர் பொறுப்பானவர், சொன்ன காரணமும் நியாயமானது. ஒரு காலத்தில் உள்ளான்களும் உப்புக்கொத்திகளும் திரளாகத் தங்கிய அந்தத் திட்டில் சில பருவங்களாகவே பறவைகள் ஒதுங்குவதில்லை. எங்களிடம் ஆட்கள் குறைவு. ஒருவர் அரைநாள் செலவழித்து அங்கே போய்ப் பறவை எதையும் பார்க்காமல் திரும்புவதைவிட, பறவைகள் நெருக்கமாக நிற்கும் கிழக்குத் திட்டில் இரண்டாவது ஆளாக நின்றால் அங்கேயாவது எண்ணிக்கை சரியாக அமையும் என்பது அவருடைய வாதம். அண்மையில் சேர்ந்த இளைஞர் ஒருவரும் அதை ஆமோதித்தார். “அண்ணா, போன தடவை அங்க போனது நான்தான். ஒரு குருவிகூட இல்ல. ஒண்ணுமே இல்லாததுக்கு எதுக்கு ஃபார்ம்னு நான் அனுப்பவே இல்ல” என்றார். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஆனால் ஏன் உடன்பாடில்லை என்பதை மற்றவர்கள் ஏற்கும்படி அந்த இடத்தில் எடுத்துச் சொல்ல எனக்கு வாய்க்கவில்லை. முடிவை அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைத்தோம்.

அதன் பிறகு பல நாட்கள் இந்தக் கேள்வி என்னை விடவில்லை. பறவை பார்ப்பவர்கள் பறவை இருக்கும் இடத்துக்குப் போகவே விரும்புவார்கள். அதில் குறையொன்றும் இல்லை. அரிய பறவை ஒன்று எங்கோ இறங்கியிருக்கிறது என்று செய்தி பரவினால் எவ்வளவு தொலைவிலிருந்தும் ஆள் வருகிறார்கள். ஆனால் விடுமுறை நாளில் இருட்டோடு எழுந்து, கணுக்கால் வரை சேற்றில் புதைய நடந்து, பறவை இல்லாத திட்டை இரண்டு மணி நேரம் பார்த்துவிட்டு “இல்லை” என்று எழுதிவர ஒருவரை அனுப்புவதென்றால், அதற்கு வலுவான காரணம் வேண்டும். சம்பளம் இல்லாமல் ஒருவர் தரும் நேரம் அது. அதை வீணாக்க யாருக்கும் உரிமையில்லை. ஆகவே என் மறுப்பு வெறும் பழக்கத்தின் பிடிவாதமா, அல்லது அதற்குள் ஏதேனும் நியாயம் இருக்கிறதா என்று தேடிப் பார்ப்பது என் கடமை என்று நினைத்தேன்.

ஓதம் ஏறும் நேரம்

பூஜ்யம் என்று ஒருவர் எழுதுவதற்குள் எவ்வளவு வேலை அடங்கியிருக்கிறது என்பதிலிருந்து தொடங்குகிறேன். நீர் வற்றியிருக்கும்போது கரைப்பறவைகள் பல கிலோமீட்டர் விரிந்த சேற்றுப்பரப்பில் இரை தேடிச் சிதறியிருக்கும். அப்போது அவற்றை எண்ணுவது ஏறத்தாழ இயலாத காரியம். கடல்நீர் ஏறி இறங்கும் ஓதம் ஏற ஏறச் சேறு நீருக்குள் மறைய, பறவைகள் நனையாத மேட்டைத் தேடி ஒதுங்கும். நீர் உச்சத்தைத் தொடும் வேளையை ஒட்டிய ஓரிரு மணி நேரம்தான் எண்ணுவதற்கு ஏற்றது. அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டி வரும் பெரிய ஓதங்களில் ஒதுங்கும் இடம் மேலும் குறைந்துவிடுவதால், பறவைகள் ஒன்றிரண்டு திட்டுகளில் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். சிறு கூட்டமாக இருந்தால் ஒவ்வொன்றாக எண்ணுகிறோம். ஆயிரக்கணக்கில் நிற்கும்போது, முதலில் பத்துப் பறவைகள் எவ்வளவு இடத்தை அடைக்கின்றன என்று கண்ணைப் பழக்கி, அதிலிருந்து நூறின் அளவைப் பிடித்து, அந்த அளவைக் கூட்டத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நகர்த்திக்கொண்டு போகிறோம். பட்டைவால் மூக்கன்களின் கால்களுக்கிடையே கொசு உள்ளான்கள் மறைந்து நிற்கும். வெயில் ஏறினால் கானல் எழுந்து எல்லாமே நடுங்கும். வேட்டைப் பறவையான பைரி ஒன்று மேலே பறந்தால் மொத்தக் கூட்டமும் எழும்பிவிடும், மறுபடியும் முதலிலிருந்து எண்ண வேண்டியதுதான். இருவர் தனித்தனியாக எண்ணிப் பிறகு ஒப்பிட்டுப் பார்ப்பதே சிறந்தது. கிழக்குத் திட்டுக்கு இரண்டாவது ஆள் வேண்டும் என்று நண்பர் சொன்னதன் நியாயம் இங்கேதான் இருக்கிறது.

மேற்குத் திட்டில் நிற்பவருக்கு இந்தத் திணறல் எதுவும் இல்லை. ஆனால் அவருடைய வேலை எளிதென்று நான் நினைக்கவில்லை. அங்கே நின்ற ஒரு காலைப் பொழுது நன்றாக நினைவிருக்கிறது. தொலைநோக்கியை இடது ஓரத்தில் உள்ள அலையாத்திப் புதரிலிருந்து வலது ஓரத்தில் சரிந்துகிடக்கும் கற்குவியல் வரை மெதுவாக ஓட்டினேன். பிறகு வலமிருந்து இடமாக மீண்டும் ஒருமுறை. மணல் நிற உப்புக்கொத்திகள் அசையாமல் குந்தியிருந்தால் மணல்கட்டிக்கும் அவற்றுக்கும் வேறுபாடு தெரியாது. அதனால் ஒவ்வொரு குழியின் நிழலையும் நின்று பார்க்க வேண்டியிருந்தது. பறவை இல்லை. நீர் இறங்கத் தொடங்கியதும் திட்டின் விளிம்பில் நடந்து பார்த்தபோது, ஈர மணலில் முன்பக்கம் மூன்று விரல்கள் பதிந்த தடங்கள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு கிடந்தன. அவற்றையொட்டி, அலகால் குத்திய சிறு துளைகள் இரண்டும் மூன்றுமாக, தையல் போட்டதுபோல வரிசையில் இருந்தன. தடங்களின் ஓரங்கள் இன்னும் சரியவில்லை. இரவிலோ, நீர் இறங்கும் வேறொரு வேளையிலோ பறவைகள் வந்து மேய்ந்திருக்கின்றன. கரைப்பறவைகள் பகலில் ஓரிடத்திலும் இரவில் வேறிடத்திலும் தங்குவது உண்டு. ஆக, படிவத்தில் நான் எழுதிய பூஜ்யத்துக்கு “இந்த ஓதத்தின் உச்சத்தில், இந்தத் திட்டில், பகல் வெளிச்சத்தில் ஒதுங்கிய பறவை இல்லை” என்பதுதான் பொருளே தவிர, “இந்த இடத்தில் பறவையே இல்லை” என்பது அல்ல. குறிப்புக்கான கட்டத்தில் தடங்களைப் பற்றியும் எழுதினேன்.

இதனால்தான் படிவத்தில் பறவைப் பெயர்களுக்கு மேலே இருக்கும் அந்தச் சலிப்பூட்டும் கட்டங்கள் அனைத்தையும் நிரப்ப வேண்டியிருக்கிறது. வந்த நேரம், கிளம்பிய நேரம், ஓதத்தின் நிலை, காற்று, பார்வைத் தெளிவு, நாயோ படகோ மனிதர்களோ ஏற்படுத்திய தொந்தரவு ஆகியவை இல்லாமல் எழுதப்பட்ட பூஜ்யம் யாருக்கும் பயன்படாது. பனிமூட்டத்தில் எழுதிய பூஜ்யமும், தெளிந்த வானத்தின் கீழ் எழுதிய பூஜ்யமும் ஒரே மாதிரி தோன்றினாலும் அவற்றின் மதிப்பு வேறு. பறவை நின்றால், அவசரத்தில் நேரம் எழுத மறந்தாலும் அது நின்றது என்ற செய்தியாவது மிஞ்சும். இல்லாதபோது, நாம் பார்த்தோம் என்பதற்கு இந்த விவரங்களைத் தவிர வேறு சாட்சி கிடையாது.

வெற்றுக் கட்டத்தின் விளைவு

படிவம் அனுப்பாமல் விட்ட இளைஞரின் செயலை நான் குற்றமாகச் சொல்லவில்லை; பெரும்பாலோருக்கு இயல்பாகத் தோன்றுவது அதுவே. ஆனால் தொகுப்பவர் கையில் அது என்னவாகிறது என்று பார்க்க வேண்டும். படிவம் வராவிட்டால் அந்த நாளுக்கு எதிரே கட்டம் வெறுமையாக நிற்கும். வெறுமையான கட்டத்துக்கு “யாரும் போகவில்லை” என்று மட்டுமே பொருள் கொள்ள முடியும். சராசரி எடுக்கும்போது அந்த நாள் கணக்கிலேயே சேராது. ஒரு திட்டில் முன்பு ஐந்நூறு பறவைகள் நின்று, பிறகு இருநூறாகி, பிறகு ஒன்றுமில்லாமல் போயிருந்தால், கடைசி நிலை பதிவாகாதவரை அட்டவணை இருநூறிலேயே நின்றுவிடும். அழிவின் மிக முக்கியமான படி எதுவோ, அதுவே தாளில் இல்லாமல் போகும்.

ஒரு திட்டு என்பது சிறிய விஷயம். இதையே பல நூறு இடங்களுக்கு விரித்துப் பாருங்கள். பறவை குறைந்த இடங்களைத் தன்னார்வலர்கள் ஒவ்வொன்றாகக் கைவிட, பறவை இன்னும் நிற்கும் இடங்கள் மட்டுமே கணக்கில் தங்கினால், மொத்தத் தொகை வீழ்ந்துகொண்டிருக்கும்போதே ஓர் இடத்துக்கான சராசரி உயர்வதாகக்கூடத் தோன்றலாம். இதற்கு நேர்மாறான சிக்கலும் உண்டு, அதையும் மறைக்கக் கூடாது. நாம் கணக்கெடுக்கத் தொடங்கும் இடங்கள் பெரும்பாலும் பறவை மிகுந்திருக்கும்போது நம் கண்ணில் பட்டவை. மிகுதியில் தொடங்கிய எதுவும் தற்செயலாகவே பிறகு கொஞ்சம் இறங்கத்தான் செய்யும். அதை உண்மையான வீழ்ச்சி என்று எண்ணிவிட வாய்ப்புண்டு. இந்த இரண்டு பிழைகளுக்கும் மருந்து ஒன்றுதான். நல்ல இடம், மோசமான இடம் என்று பாராமல், முன்பே தீர்மானித்த இடங்களுக்கு, முன்பே தீர்மானித்த ஓதங்களில் தொடர்ந்து போவது. இதில் சலிப்பு இருக்கிறது. ஆனால் வட அமெரிக்காவில் 1974 முதல் தன்னார்வலர்கள் கரைப்பறவைகளை இப்படிச் சலிக்காமல் எண்ணிவந்ததால்தான், அங்கே ஆராயப்பட்ட 28 இனங்களில் 26 இனங்கள் குறைந்துவருகின்றன என்று 2023இல் வெளியான ஓர் ஆய்வால் சொல்ல முடிந்தது.

பறவை பார்ப்பவர்களின் பட்டியல்களைத் தொகுக்கும், 2002இல் தொடங்கிய ஈ-பேர்ட் இணையதளத்தில் பட்டியலை அனுப்பும்போது, அடையாளம் காண முடிந்த எல்லாப் பறவைகளையும் குறிப்பிட்டிருக்கிறீர்களா என்று ஒரு கேள்வி வரும். பலர் அதை ஏதோ சம்பிரதாயம் என்று நினைத்து “ஆம்” என்று அழுத்திவிட்டுப் போகிறார்கள். உண்மையில் அந்தப் பட்டியலின் மதிப்பில் பாதி அந்தப் பதிலில்தான் இருக்கிறது. எல்லாவற்றையும் எழுதியிருக்கிறோம் என்று உறுதி சொன்னால்தான், எழுதப்படாத பறவை நம் பார்வைக்குக் கிடைக்கவில்லை என்று ஆய்வாளர் கொள்ள முடியும். பார்த்ததில் பிடித்ததை மட்டும் பதிவு செய்தால், காய்ச்சல் அடித்த நாட்களை மட்டும் குறித்துவைத்த நோயாளியின் அட்டையைப் போல ஆகிவிடும். அதை வைத்துக்கொண்டு அவர் எத்தனை நாள் நலமாக இருந்தார் என்று எந்த மருத்துவராலும் சொல்ல முடியாது.

இவ்வளவும் எனக்கு முன்பே ஓரளவு தெரிந்ததுதான். ஆனாலும் கூட்டத்தில் நண்பர் கேட்ட கேள்விக்கு இது முழுப் பதில் ஆகவில்லை. பறவைகள் மேற்கிலிருந்து கிழக்குக்கு இடம் மாறிவிட்டன, அவற்றைக் கிழக்கில் எண்ணுகிறோம், பிறகு மேற்கில் எதற்கு ஆள் என்பதுதானே அவர் கேட்டது. அதற்குப் பதில் கிடைத்தது கொரியாவில் நடந்த ஒரு கணக்கெடுப்பைப் பற்றி விரிவாகப் படித்தபோதுதான்.

சேமங்கும்

தென் கொரியாவின் மேற்குக் கரையில் மாங்யோங், தோங்ஜின் என்னும் இரண்டு ஆறுகள் கடலில் கலக்கும் இடத்தில் இருந்தது சேமங்கும். சேற்றுப்பரப்பும் ஆழமற்ற கடலுமாக ஏறத்தாழ 400 சதுர கிலோமீட்டர். ஆஸ்திரேலியாவுக்கும் சைபீரியாவுக்கும் இடையே பறக்கும் கரைப்பறவைகளுக்கு, சீனாவுக்கும் கொரியாவுக்கும் இடையே உள்ள மஞ்சள் கடல்தான் இடைவழியில் இரை தேடி உடல் தேற்றிக்கொள்ளும் இடம். அதிலும் சேமங்கும் மிக முக்கியமான தங்கல்களில் ஒன்று. கடற்பரப்பை நிலமாக்கும் நிலமீட்புக்காக அங்கே கட்டப்பட்ட 33 கிலோமீட்டர் நீளக் கடற்சுவரின் கடைசித் திறப்பு 2006 ஏப்ரலில் அடைக்கப்பட்டது. வடக்கு நோக்கிய வலசை நடந்துகொண்டிருந்த அதே மாதம். ஓதம் உள்ளே வருவது ஏறக்குறைய நின்றதும் சேற்றில் வாழ்ந்த சிப்பிகள் பெருமளவில் மடிந்தன. சிப்பிகளை முழுதாக விழுங்கி வாழும் கிரேட் நாட் என்னும் பெரிய உள்ளான்களுக்கு அதுவே உணவு.

சுவர் கட்டப்படுவதற்கு ஆதரவாகச் சொல்லப்பட்டவற்றில் ஒன்று, பறவைகள் அருகிலுள்ள வேறு கழிமுகங்களுக்கு இடம் மாறிக்கொள்ளும் என்பது. கேட்பதற்கு எவ்வளவு இயல்பாக இருக்கிறது பாருங்கள்! பறவைக்குச் சிறகு இருக்கிறது, ஓர் இடம் போனால் இன்னோர் இடம். எங்கள் கூட்டத்தில் நண்பர் சொன்னதும் வேறு நோக்கத்தோடு சொல்லப்பட்ட இதே வாதம்தான். இதைச் சோதித்துப் பார்க்க, பேர்ட்ஸ் கொரியா அமைப்பும் ஆஸ்திரலேசியக் கரைப்பறவை ஆய்வுக் குழுவும் சேர்ந்து 2006 முதல் 2008 வரை ஏப்ரல், மே மாதங்களில் கணக்கெடுத்தன. அதன் சிறப்பு, பறவை நின்ற இடங்களில் மட்டும் அவர்கள் எண்ணவில்லை என்பது. அடைபட்ட சேமங்குமிலும், பறவைகள் போயிருக்கக்கூடிய அண்டை இடங்களான கும் கழிமுகத்திலும் கோம்சோ விரிகுடாவிலும் ஒரே முறையில் ஆண்டுதோறும் எண்ணினார்கள். சேற்றுப்பரப்பு காய்ந்து வெடித்த பிறகும் அங்கே போனார்கள். பறவைகள் குறையக் குறைய, குறைந்த எண்ணையே எழுதினார்கள்.

மூன்று பருவங்களில் சேமங்குமில் கிரேட் நாட்களின் எண்ணிக்கை சுமார் 90,000 சரிந்தது. அண்டைக் கழிமுகங்களில் அதற்கு ஈடாகும் அளவுக்கு உயரவில்லை. அப்போதும் ஒருவர் கேட்கலாம், அவை இன்னும் தொலைவில் உள்ள வேறேதேனும் கரைக்குப் போயிருக்கலாமே என்று. அதற்கான பதில் பல்லாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தது. இதே பறவைகள் தம் இனப்பெருக்கமற்ற காலத்தைக் கழிக்கும் வடமேற்கு ஆஸ்திரேலியக் கரைகளில் 2004 முதலே, மஞ்சள் கடல் வழியாக வரும் பறவைகளுக்கென்று தன்னார்வலர்களின் தனிக் கணக்கெடுப்பு நடந்துவந்தது. அங்கும் எண்ணிக்கை குறைந்தது. பறவைகள் இடம் மாறியிருந்தால் ஆஸ்திரேலியாவில் குறைந்திருக்கத் தேவையில்லை. அவை மடிந்துபோயின என்பதைத் தவிர வேறு விளக்கம் பொருந்தவில்லை. இனங்களின் அழிவு ஆபத்தை வகைப்படுத்தும் உலகப் பாதுகாப்புப் பட்டியலில் கிரேட் நாட் 2010இல் அழிவாய்ப்புள்ள இனமாகவும், 2015இல் அருகிவிட்ட இனமாகவும் உயர்த்தப்பட்டது.

இதைப் படித்து முடித்தபோது என் கேள்விக்கான விடை தெளிவாகத் தெரிந்தது. “இடம் மாறிவிட்டது” என்பதும் “இல்லாமல் போய்விட்டது” என்பதும் ஒரே ஒரு கரையில் நின்று பார்ப்பவருக்கு வேறுபாடின்றியே தோன்றும். அவற்றைப் பிரித்தறிய வேண்டுமானால், காலியான இடத்திலும், பறவை போயிருக்கக்கூடிய இடத்திலும், அதன் பயணத்தின் மறுமுனையிலும் ஒரே காலத்தில் எண்ண வேண்டும். இந்த மூன்றில் மற்றவர் எளிதில் கைவிடுவது முதல் இடத்தைத்தான். கிழக்கில் முந்நூறு பறவைகள் கூடியிருந்தால் அவை மேற்கிலிருந்து வந்தவை என்று நினைத்து நாம் நிம்மதி அடையலாம். ஆனால் மேற்கில் முன்பு நின்றவை எத்தனை, எந்த மாதத்தில் குறையத் தொடங்கின, முற்றிலும் நின்றது எப்போது என்ற தொடர் இருந்தால் மட்டுமே அந்த நிம்மதிக்கு ஆதாரம் உண்டு. இன்னொன்றும் தோன்றியது. சேமங்குமில் காய்ந்த சேற்றின் ஓரத்தில் நின்று எண்ணியவர்களுக்கு, தாங்கள் எழுதும் சிறு எண்கள் அங்கே எதையும் மீட்டுத் தரப்போவதில்லை என்பது தெரிந்திருக்கும். சுவரை அவர்களால் திறக்க முடியாது. இருந்தும், அடுத்த இடத்தில் சுவர் எழும்பும்போது “பறவைகள் இடம் மாறிக்கொள்ளும்” என்று யாரும் எளிதாகச் சொல்லிவிட முடியாதபடி அவர்கள் செய்துவைத்தார்கள்.

அடுத்த கூட்டத்தில் இதைச் சொன்னேன். நண்பர் கவனமாகக் கேட்டார். பிறகு, எல்லா ஓதங்களுக்கும் ஆள் அனுப்ப முடியாது, பெரிய ஓதங்களுக்கு மட்டும் அனுப்பலாமா என்று கேட்டார். அது எனக்கும் சரியாகப் பட்டது. மேற்குத் திட்டு அட்டவணையில் தங்கியது. குறைவான முறை போனாலும், கிழக்கில் எண்ணும் அதே ஓதத்தில், அதே மணியில் மேற்கிலும் ஒருவர் நிற்க வேண்டும் என்பது நிபந்தனை.

முப்பது ஆண்டு இல்லாமை

ஒரு திட்டில் இல்லை என்று சொல்லவே இவ்வளவு உழைப்பு என்றால், உலகத்திலேயே இல்லை என்று சொல்ல எவ்வளவு ஆகும்? மெல்லிய அலகுக் கோட்டான் என்று ஒரு பறவை இருந்தது. ஆந்தையைச் சொல்லவில்லை, அலகு நீண்டு கீழ்நோக்கி வளைந்த கரைப்பறவை. சைபீரியாவில் இனப்பெருக்கம் செய்து, மத்தியதரைக் கடல் கரைகளில் குளிர்காலத்தைக் கழித்தது. ஐயத்துக்கு இடமின்றி அது கடைசியாகப் பார்க்கப்பட்டது மொரோக்கோவின் மெர்ஜா செர்கா கடற்கழியில், 1995 பிப்ரவரியில். அதன் பிறகு பல நாடுகளில் தேடினார்கள். கிடைக்கவில்லை. அருங்காட்சியகங்களில் உள்ள உடல்கள், பழைய பதிவுகள், தேடியும் காணாத தேடல்கள் ஆகியவற்றைச் சேர்த்து எடைபோட்ட ஆய்வு 2024 நவம்பரில் வெளியாகி, அந்தப் பறவை அற்றுப்போயிருக்கவே வாய்ப்பு மிகுதி என்றது. 2025இல் உலகப் பாதுகாப்புப் பட்டியலிலும் அது அற்றுப்போன இனமாக அறிவிக்கப்பட்டது.

இதில் என்னை வருத்துவது காலம். முடிவை அறிவிக்க ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் ஆயின. அவசரப்படாமல் இருந்தது சரிதான், ஏனென்றால் இருக்கும் பறவையை இல்லை என்று அறிவித்துவிட்டால் அதற்கான பாதுகாப்பும் நின்றுபோகும். ஆனால் அந்தப் பறவை குறைந்துகொண்டிருந்த காலத்தில், அது தங்கிவந்த கரைகளிலும் சதுப்புகளிலும் ஆண்டுதோறும் ஒரே முறையில் எண்ணி, குறைந்ததையும் நின்றுபோனதையும் எழுதிவைத்தவர்கள் போதுமான அளவில் இல்லை. உலக அளவிலான நீர்ப்பறவைக் கணக்கெடுப்பே 1967இல்தான் தொடங்கியது. ஆசியக் கணக்கெடுப்பு 1987இல் இந்தியத் துணைக்கண்டத்தில் தொடங்கியது. இரண்டும் முதன்மையாக ஜனவரியில் நடப்பவை. குளிர்காலத் தங்கலைக் காட்டுபவை. வலசையின் நடுவே சில நாட்கள் மட்டும் இறங்கிப் போகும் பறவைகளை ஜனவரிக் கணக்கு காட்டாது. மாதந்தோறும் எண்ணும் உள்ளூர்க் குழுக்களின் தேவை இதனால்தான் குறையவே இல்லை என்று நான் நம்புகிறேன். ஓர் ஈரநிலத்தில் வழக்கமாக 20,000 நீர்ப்பறவைகளோ, ஓர் இனத்தொகையில் 1 விழுக்காடோ தங்கினால் அது பன்னாட்டு முக்கியத்துவம் பெறும் என்பது ஈரநிலப் பாதுகாப்புக்கான ராம்சர் உடன்படிக்கையின் அளவுகோல். அந்த எல்லையை ஓர் இடம் எந்த மாதத்தில் தொடுகிறது, எந்த ஆண்டில் அதிலிருந்து இறங்குகிறது என்பதை அங்கேயே இருப்பவர்கள்தான் சொல்ல முடியும்.

பழைய பூஜ்யங்கள் நல்ல செய்திக்கும் பயன்படும் என்பதையும் சொல்ல வேண்டும். சீனாவின் ஜியாங்சு கரையில் தியாவோசிநி என்னும் இடத்தில், சேற்றுப்பரப்பை அடுத்து இருந்த மீன்வளர்ப்புக் குளம் ஒன்றை 2020இல் ஓதம் ஏறும் நேரத்தில் பறவைகள் ஒதுங்கும் இடமாக மாற்றினார்கள். சுமார் 48 ஹெக்டேர்தான். நீர்மட்டத்தைத் தாழ்த்தி, மேடுகளில் செடிகொடிகளை அகற்றியதும், உலகில் மிகச் சிலவே எஞ்சியுள்ள கரண்டிவாய் உள்ளான்கள் உட்படக் கரைப்பறவைகள் அங்கே திரண்டு தங்கின. இப்படி ஒரு முயற்சி பலித்ததா என்று அளக்க வேண்டுமானால், மாற்றுவதற்கு முன் அங்கே எத்தனை பறவைகள் ஒதுங்கின என்ற எண் கையில் இருக்க வேண்டும். ஒன்றுமில்லை என்றாலும் அந்த ஒன்றுமில்லை எழுதப்பட்டிருக்க வேண்டும். எங்கள் மேற்குத் திட்டில் வளர்ந்துவிட்ட புதரை என்றாவது அகற்ற அனுமதி கிடைத்தால், இப்போது எழுதும் பூஜ்யங்களைத்தான் அன்று எடுத்துப் பார்ப்போம்.

வெறுங்கரைக்கு யார் போவது

கொள்கை அளவில் எல்லோரும் ஒப்புக்கொண்ட பிறகும் ஆள் அனுப்புவது எளிதாகிவிடவில்லை. புதியவர்களை அங்கே முதலில் அனுப்பக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். முதல் நாளிலேயே பறவை இல்லாத கரையைப் பார்த்தவர் மறுமுறை வருவது அரிது. அதோடு, பூஜ்யத்தை நம்பும்படி எழுதப் பழகிய கண் வேண்டும். அசையாமல் குந்தியிருக்கும் உப்புக்கொத்தியைத் தவறவிடாதவர் என்று குழுவுக்குத் தெரிந்தவர்தான் அங்கே இல்லை என்று சொல்லத் தகுந்தவர். எனவே அனுபவம் உள்ளவர்கள் முறைவைத்துப் போகிறோம். கூட ஒரு புதியவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டால், திரளின் பரபரப்பு இல்லாத அந்த இடம் தொலைநோக்கியைக் கையாளவும், திட்டைப் பகுதி பகுதியாகத் துழாவவும், படிவத்தை நிரப்பவும் சொல்லிக்கொடுக்க நல்ல இடமாக அமைகிறது. படிவத்தை அனுப்பாமல் விட்ட அந்த இளைஞர் இந்தப் பருவத்தில் என்னோடு ஒருமுறை வந்தார். தடங்களைக் காட்டினேன். அவர் முழங்காலிட்டு, அளவுகோலைப் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்தார். எந்த இனத்தின் தடமாக இருக்கும் என்று இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்.

கிழக்குத் திட்டில் எண்ணியவர்கள் அன்று மாலை தம் எண்ணிக்கையைக் குழுவில் பகிரும்போது, மேற்கில் நின்றவரின் பூஜ்யமும் அதே வரிசையில், அதே வடிவத்தில் வெளிவர வேண்டும் என்றும் ஏற்பாடு செய்திருக்கிறோம். சிறிய ஏற்பாடுதான். ஆனால் பெரிய எண்ணைக் கொண்டுவந்தவருக்கு மட்டும் பாராட்டு என்றிருந்தால், அடுத்த முறை ஒருவர் தெரியாமலேயே நூற்றைம்பதை இருநூறாகப் பார்க்கத் தொடங்குவார் என்பது என் அச்சம்.

இதை வாசிப்பவர்களில் நீண்ட காலமாகக் கடற்கரையில் பறவை பார்த்தவர்கள் இருப்பீர்கள். உங்களிடம் பழைய குறிப்பேடுகள் இருந்தால், சிறந்த நாட்களை மட்டும் தேர்ந்து பதிவேற்றாமல், பறவை குறைவாக இருந்த நாட்களையும் எதுவும் இல்லாத நாட்களையும் சேர்த்து உள்ளிடுங்கள். தேதியும் இடமும் கட்டாயம். தொடங்கிய நேரமும் பார்த்த கால அளவும் குறிப்பில் இருந்தால் அவற்றையும் கொடுங்கள். இல்லாவிட்டால் ஊகித்து எழுத வேண்டாம், ஈ-பேர்ட்டில் அத்தகைய பழைய பதிவுகளுக்கென்றே தனி வகை இருக்கிறது. அன்று பார்த்த எல்லாப் பறவைகளையும் எழுதினீர்களா, குறிப்பிட்ட சிலவற்றை மட்டும் எழுதினீர்களா என்பது நினைவில்லை என்றால், முழுமையான பட்டியல் அல்ல என்றே குறியுங்கள். பென்சிலில் எழுதிய பக்கங்கள் மங்கிப்போவதற்குள் ஒருமுறை படம் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். உள்ளிடும் வேலையைப் பிறகு மெதுவாகச் செய்யலாம்.